முதலில் அவருடைய நம்பரைக் கேளுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக எங்கள் கடைத் திண்ணையில் ஒரு பெரியவர் படுக்கிறார். வயது 67 என்கிறார். மிலிட்டரியில் பாலம் கட்டினேன் என்பார். சாயந்திரமானால் குடி. ராத்திரியில் அலறிக்கொண்டு எழுவார். நாலு பேர் சேர்ந்து ஒரு இல்லத்தில் விட்டோம். இரண்டாம் நாளே ஓடி வந்துவிட்டார். இனி என்ன செய்வது?

பதில்: அவர் ஓடி வந்ததை நன்றிகெட்டத்தனம் என்று நினைக்காதீர்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளைக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது தெரிவது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. அதனால் இல்லம் அப்புறம். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வைப்பார்கள். ராத்திரி அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்களுக்கே கை ஓடவில்லை என்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதிக்க வேண்டுமே? நீங்கள் சொல்லி வர மாட்டார். இன்னொரு பட்டாளத்துக்காரர் சொன்னால் வரலாம். உங்கள் கடைக்கே டீ குடிக்க ரெண்டு பேராவது வருவார்கள், விசாரியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "உங்க நம்பர் என்ன, எந்த யூனிட்?" என்று கேட்கட்டும். சொந்த ஊரை மறந்தவர்கூடப் பட்டாளத்தில் கொடுத்த சர்வீஸ் நம்பரை மறப்பதில்லை. பாலம் கட்டினேன் என்கிறாரே, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படை ஆளாக இருக்கலாம். அந்தப் படையில் வீரர்களைத் 'தம்பி' என்பார்கள். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் முகம் மாறுகிறதா பாருங்கள். அதன் தலைமையிடமும் பெங்களூர்தான், ரொம்பத் தூரமில்லை.

நம்பர் கிடைத்தால், பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தாலும் வழி உண்டு. உங்கள் ஊரிலேயே இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். 15 வருடம் சர்வீஸ் முடித்த சிப்பாய் என்றால் பென்ஷன் இருக்கும். வருடா வருடம் உயிர்வாழ் சான்று கொடுக்காததால் நின்றுபோயிருக்கலாம், அவ்வளவுதான். கொடுத்தால் நிலுவையோடு வரும். பென்ஷனே இல்லாதவரா? ஹவில்தார் பதவி வரை இருந்து, 65 வயதைத் தாண்டி, வேறு வருமானமும் இல்லாதவர்களுக்கு ராணுவ அமைச்சரின் நல நிதியில் வறுமை உதவி உண்டு. 2025 நவம்பரில் அதை மாதம் 8,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். ஆதார் தொலைந்திருந்தால் ஆதார் மையத்தில் கைரேகை வைத்தே எண்ணை எடுக்கலாம்.

நிலுவைப் பணம் மொத்தமாக வரும் அன்றுதான் எனக்குப் பயம். அன்றைக்குப் புதுச் சொந்தங்கள் முளைக்கும். பாஸ்புக் அவர் பெயரில், அவர் கையிலேயே இருக்கட்டும். ஆனால் பாங்குக்குப் போகும்போது அந்தப் பட்டாளத்து நண்பரும் கூடப் போகட்டும்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். குடும்பத்துக்குத் தகவல் சொல்வதும் அவரைக் கேட்ட பிறகுதான். எதனால் வீட்டை விட்டு வந்தார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.