வோவிச் பக்கம் வேலைக்கு வருகிற தம்பிக்கு

போலந்தில் வோவிச் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காய்கறிப் பண்ணை வேலை கிடைத்திருக்கிறது, சுற்றிலும் வெறும் வயல் என்கிறார்களே, வார்சாவில் வேறு வேலை தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் தம்பி. நான் இந்தப் பக்கமே வீடு வாங்கித் தங்கிவிட்டவன். வார்சா சுமார் 80 கிலோமீட்டர்தான், ரயில் இருக்கிறது.

கஷ்டம் என்றால் கிராமத்துப் பஸ்தான். சனி, ஞாயிறில் அதை நம்பவே முடியாது, சைக்கிளாவது வாங்கிவிடுங்கள். 2018-லிருந்து ஞாயிறு வியாபாரத்துக்குத் தடை இருப்பதால் பெரிய கடைகள் வருடத்தில் ஒருசில ஞாயிறுதான் திறக்கும். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. இது பால்மாட்டுச் சீமை. அவித்த உருளைக்கிழங்கைப் புளித்த பாலோடு சாப்பிடுகிற ஜனங்கள். தயிரில் வளர்ந்த நமக்கு அது சீக்கிரம் பிடித்துப்போகும்.

நான் சொல்ல வருவது வேறு. வேலை, அறை என்று மட்டும் இருந்தால் இந்த ஊர் உங்களுக்குக் கடைசிவரை பிடிபடாது. ஈஸ்டருக்கு 60 நாள் கழித்து வரும் வியாழக்கிழமை, நற்கருணைப் பெருவிழா. அரசு விடுமுறை. அன்று வோவிச் நகரத்துக்குப் போய் ஊர்வலம் பாருங்கள். ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று கோடு கோடாக நெய்த கம்பளிப் பாவாடை, ஓரத்தில் ரோஜாப்பூ வேலைப்பாடு. ஆண்களின் கால்சட்டையிலும் அதே கோடு. பழைய உடைகளில் சிவப்பும் ஆரஞ்சும் தூக்கலாக இருக்கும், பச்சையும் நீலமும் பிறகு வந்தவை. ஜூன் வெயிலில் அந்தக் கனத்த கம்பளியைப் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் நடப்பார்கள்.

அப்புறம் காகித வெட்டுக்கலை. ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற பெரிய கத்தரியாலேயே மடித்த காகிதத்தில் சேவலும் பூவும் வெட்டி, நிறத்தின் மேல் நிறமாக ஒட்டுவார்கள். முன்பெல்லாம் ஈஸ்டருக்குச் சுண்ணாம்பு அடித்த சுவரில் இதைத்தான் ஒட்டினார்களாம். யாராவது பாட்டி வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

மௌஜிட்சே கிராமத்தில் பழைய மரவீடுகளை ஓர் அருங்காட்சியகமாகக் காத்து வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் ஸ்தெஃபான் பிறிவா வடிவமைத்து 1929-இல் திறந்த பாலமும் நிற்கிறது. முழுக்க வெல்டிங்கில் கட்டிய உலகின் முதல் சாலைப் பாலம் அது. சைக்கிளிலேயே போகலாம்.

வந்ததும் கிராமத் தீயணைப்பு நிலையம் எங்கே என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கெல்லாம் தொண்டர்கள் நடத்துவது அது. அறுவடை விழா உட்பட ஊர் விசேஷங்கள் பலவும் அங்கேதான் ஏற்பாடாகும். நாற்காலி தூக்கிப் போட ஆள் வேண்டியிருக்கும், போய் நில்லுங்கள்.