பிரபலங்களும் மறியலும் (சிறையும்): ஒரு பழைய கோட்டு முதலியாரிடம் கேட்டவை

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வாசிகசாலையில் தொடங்கிய வாக்குவாதம் இது. கன்னட நடிகர் தர்ஷனுக்குக் கொலை வழக்கில் கிடைத்த பிணையை 2025 ஓகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்ததைப் பற்றிப் பொடியள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "காசுக்காரனுக்கு ஒரு நாளும் தண்டனை இல்லை" என்று ஒருவர் அடித்துச் சொல்ல, கதை சண்டையாகிவிட்டது. கடைசியில் கேள்விகளைத் துண்டில் எழுதி என்னிடம் தந்தார்கள். நான் சட்டத்தரணி இல்லை. 25 வருடத்துக்கு மேல் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பு முதலியாராக நின்றவன். கூண்டில் நின்றவர்களின் குரலைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

பெயரும் காசும் உள்ளவர்களுக்கு உண்மையிலேயே தண்டனை குறைவா? இல்லை, நாங்கள் வயிற்றெரிச்சலில் சொல்கிறோமா? (உயர்தர மாணவன், விசுவமடு)

தம்பி, தீர்ப்பு வாசிக்கிற அன்றைக்கு மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஜெயலலிதாவுக்குச் சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பரில் 4 வருடச் சிறையும் 100 கோடி ரூபாய் தண்டமும் விதித்தார்கள். அதைக் குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் கதை தொடங்கியது 1996 இல். தீர்ப்புக்கே 18 வருடம். பிறகு 2015 இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2017 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையைத் தள்ளுபடி செய்தபோது அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கூடக் குற்றவாளியான சசிகலாதான் சிறைக்குப் போய் 2021 ஜனவரி வரை இருந்துவிட்டு வந்தார்.

காசுக்காரர் நீதிமன்றத்தில் வாங்குவது தவணை. தவணை நீள நீள வழக்கு மெலியும்.

சல்மான்கான் வழக்கில் என்னதான் நடந்தது? ஒருவர் செத்ததுதானே? (கடை வைத்திருக்கும் அக்கா, பரந்தன்)

அக்கா, 2002 செப்டம்பரில் மும்பை பாந்த்ராவில், வீதியோரம் படுத்திருந்தவர்கள் மேல் அவருடைய வாகனம் ஏறியது. ஒருவர் இறந்தார், நாலு பேருக்குக் காயம். 2015 மே 6 இல் 5 வருடத் தண்டனை. அன்று பின்னேரமே உயர் நீதிமன்றத்தில் இடைக்காலப் பிணை. அந்த டிசம்பரில் விடுதலை. சட்டப்படி அவர் குற்றமற்றவர், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு இந்த வழக்கில் மனதில் நிற்கிற ஆள் வேறு. நடிகருக்குக் காவலாகப் போன பொலிஸ்காரர். அன்றிரவு முதல் முறைப்பாடு கொடுத்ததே அவர்தான். பிறகு தவணைக்கு வராமல் விட்டதால் அவரையே பிடித்துச் சிறையில் போட்டார்கள். வேலை போனது, காசநோய் வந்தது, 2007 இல் இறந்துபோனார். அவருடைய வாக்குமூலத்தை முழுதாக நம்ப முடியாது என்றுதான் 2015 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு வழக்கு 13 வருடம் இழுபட்டால் சாட்சிக்கு என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

சல்மான்கானின் மான் வேட்டை வழக்கும் அப்படித்தான். சம்பவம் 1998 இல், தண்டனை 2018 இல். இரண்டு இரவு உள்ளே இருந்தார், பிறகு பிணை.

பிணை எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே ஐயா? (முத்தையன்கட்டு)

எங்கள் நாட்டு 1997 ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம் நல்ல சட்டம். பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் நடைமுறையை ஒருக்கால் பாருங்கள்.

கசிப்போடு (கள்ளச் சாராயத்தோடு) பிடிபட்ட ஒரு கூலியாளை எனக்கு இப்போதும் ஞாபகம். நீதவான் பிணை கொடுத்துவிட்டார், இரண்டு ஆட்பிணை. மனைவி விடிய முதல் பஸ்ஸில் பக்கத்துக் காணிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தா. கிராம அலுவலரின் கடிதமும் இருந்தது. ஆனால் பிணைக்கு வந்தவரின் அடையாள அட்டையில் இடம்பெயர முதல் இருந்த ஊர் முகவரி. கடிதத்தில் இப்போதைய முகவரி. இரண்டும் ஒத்துவரவில்லை, ஆளை ஏற்கவில்லை. வேறு ஆள் தேடக் காசும் இல்லை, அறிமுகமும் இல்லை. அடுத்த தவணை 14 நாள் கழித்து. அதற்குள் அரிவி வெட்டு முடிந்துவிட்டது. அந்த மனிசனுக்குப் பெரும்போகக் கூலி முழுக்கப் போச்சு. இத்தனைக்கும் தீர்ப்பு இன்னும் வாசிக்கவே இல்லை. அந்த 14 நாளை எந்தத் தண்டனைக் கணக்கில் எழுதுவது?

அந்தக் காலத்திலும் இப்படித்தானா முதலியார்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், முரசுமோட்டை)

மாஸ்டர், உங்களுக்குத் தெரியாததா? எம்.கே. தியாகராஜ பாகவதரைவிடப் பெரிய நட்சத்திரம் அன்றைக்கு இல்லை. லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் 1944 நவம்பரில் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது. 1945 இல் ஆயுள் தண்டனை. அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மேன்முறையீட்டைத் திரும்ப விசாரித்து, 1947 ஏப்ரலில் விடுதலை. ஏறத்தாழ இரண்டரை வருடம் மறியல். வெளியே வந்தபின் பழைய சந்தை அவருக்குத் திரும்பவில்லை. 1959 இல், ஐம்பது வயது முடியமுதல் போய்ச் சேர்ந்தார்.

பெயர் இருந்தால் தப்பிவிடலாம் என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதே நேரம், லண்டன் வரை வழக்குக் கொண்டுபோக அந்தக் காலத்தில் யாரிடம் காசு இருந்தது? பெயர் விழுத்தியது, காசு எழுப்பியது. இரண்டையும் ஒன்றாகக் கட்டக்கூடாது.

கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக காசு கொடுத்துத்தான் தப்பினாரா? (மாங்குளம்)

இல்லை. 2022 நவம்பரில் சிட்னியில் பாலியல் குற்றச்சாட்டில் கைது. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்றது. விடுதலையான எல்லாரும் காசால் தப்பியவர்கள் என்றால் நீதிமன்றம் எதற்கு?

எங்கள் நாட்டில் பெரிய ஆள் உள்ளே போனதே இல்லையா? (நெடுங்கேணி)

போனார்கள். பிறகு மன்னிப்பு வந்தது. முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்குக் கொலை வழக்கில் 2016 இல் மரண தண்டனை, 2018 இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2021 ஜூனில் ஜனாதிபதி மன்னித்துவிட்டார். றோயல் பார்க் என்ற மாடிக் குடியிருப்பில் நடந்த கொலையின் குற்றவாளிக்கு 2019 நவம்பரில் வேறொரு ஜனாதிபதியின் மன்னிப்பு. இந்த இரண்டு மன்னிப்பையும் 2024 இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இப்படி ஒரு தீர்ப்பு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மிருசுவில்? (பெயர் எழுதப்படவில்லை)

யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000 டிசம்பரில் தமிழ்ப் பொதுமக்கள் 8 பேர் கொல்லப்பட்டார்கள். 2015 இல் இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை. 2020 மார்ச்சில் மன்னிப்பு. அவர் பணக்காரரும் இல்லை, பிரபலமும் இல்லை. அங்கே வேலை செய்தது வேறொரு செல்வாக்கு. அதற்குமேல் இந்தத் துண்டுக்கு என்னிடம் வார்த்தை இல்லை.

வேறு நாட்டில் இதற்கு வழி ஏதும் வைத்திருக்கிறார்களா? (முழங்காவில் தங்கச்சி)

பின்லாந்தில் தண்டப்பணத்தை வருமானத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள், பிள்ளை. 2023 இல் ஒரு கோடீஸ்வரர் 50 இல் போகவேண்டிய வீதியில் 82 இல் போய், 121,000 யூரோ கட்டினார். இங்கே குடித்துவிட்டு ஓடினால் கூலிக்காரனுக்கும் 25,000 ரூபாய்க்குக் குறையாது, கோடீஸ்வரனுக்கும் அதே கணக்குத்தான். ஒருவர் சட்டைப்பையில் இருந்து எடுத்துக் கட்டுவார். மற்றவரின் மனைவி தோட்டை அடகு வைக்க ஓடுவா. கட்ட முடியாவிட்டால் மறியல். எங்கள் நாட்டில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போனவர்கள்.

கள்ள மணல் பிடிபட்டால் சாரதி உள்ளே, முதலாளி வீட்டில். இதுவும் இந்தக் கணக்கில் சேருமா அண்ணை? (டிப்பர் ஓடுபவர், துணுக்காய்)

சேரும் தம்பி. உங்கள் முதலாளிக்குச் சந்திவரைக்கும்தான் பெயர், ஆனாலும் சேரும். டிப்பரில் ஏற முதல் பெர்மிட்டை வாங்கி, திகதியையும் எந்த இடத்து மணல் என்பதையும் வாசித்து, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். "பெர்மிட் பின்னால வருது" என்ற வாய்ப்பேச்சை நம்பி ஓடவேண்டாம். கூண்டில் நின்று அதைச் சொன்ன பொடியளின் பேச்சை நான் எத்தனையோ தரம் சிங்களத்தில் மொழிபெயர்த்திருக்கிறேன், ஒருவருக்கும் அது உதவவில்லை. அப்படியும் பிடிபட்டால், முதலாளி அனுப்புகிற சட்டத்தரணி முதலாளிக்காகத்தான் பேசுவார். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வீட்டுக்காரரை முதலில் அங்கே போகச் சொல்லுங்கள். அடையாள அட்டை முகவரியையும் இப்பவே மாற்றிவிடுங்கள்.