மில்லிங் பர்: எதை வாங்குவது, எப்போது மாற்றுவது, எப்படிப் பார்த்துக்கொள்வது

பல் லேப்களில் மில்லிங் மெஷின் (செயற்கைப் பல்லைக் கணினி வழி வெட்டித் தரும் மெஷின்) ஓட்டுபவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி பரைப் பற்றியவைதான். பர் என்பது அந்த மெஷினில் சுழன்று வெட்டும் சிறு கருவி. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், புது மெஷின் வந்திருக்கிறது. கோட்டிங் இல்லாத பர், டிஎல்சி (வைரம் போன்ற கார்பன் கோட்டிங்), டைமண்ட் கோட்டிங் என்று மூன்று வகை காட்டுகிறார்கள். விலை கூடியதையே எல்லாவற்றுக்கும் வாங்கிவிடலாமா?

வேண்டாம். எந்தப் பொருளின் டிஸ்க்கை (வெட்டுவதற்கு மெஷினில் மாட்டும் வட்டத் தகடு) வெட்டப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், பர் தானாகவே முடிவாகிவிடும்.

சின்டரிங் (உலையில் சுட்டு இறுக்குவது) ஆகாத சிர்கோனியா என்ற செராமிக் சாக்பீஸ் போலத்தான் இருக்கும், சுலபமாக வெட்டுப்படும். ஆனால் அதன் பொடி பரின் முனையை ஓயாமல் உரசித் தேய்க்கும். டைமண்ட் கோட்டிங் அந்த உரசலைத் தாங்கும். கோட்டிங் இல்லாத கார்பைடு (பர் செய்யும் கடின உலோகம்) பரைவிடப் பல மடங்கு உழைக்கும் என்பதால் கொடுத்த காசு வீணாகாது.

பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்), மெழுகு இரண்டுக்கும் கதை வேறு. டைமண்ட் கோட்டிங் சில மைக்ரான் தடிமன் உள்ளது. அது ஏறியதும் வெட்டும் விளிம்பு கொஞ்சம் உருண்டுவிடும். சிர்கோனியாவுக்கு அது பரவாயில்லை. பிஎம்எம்ஏவில் விளிம்பு கூராக இல்லாவிட்டால் வெட்டுவதற்குப் பதில் தேய்க்கும், சூடேறும். 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே பிஎம்எம்ஏ இளக ஆரம்பித்துவிடும். இளகிய சீவல் பரின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொண்டால் பர் உடையும், இல்லாவிட்டால் வேலை கெடும். இதற்குக் கோட்டிங் இல்லாத, ஒரே வெட்டுவாய் உள்ள கார்பைடு பர்தான் சரி. பள்ளம் அகலமாக இருப்பதால் சீவல் வெளியேற இடம் கிடைக்கும். டிஎல்சி மெல்லிய கோட்டிங், விளிம்பின் கூர்மையை அவ்வளவாகக் கெடுக்காது. சிர்கோனியா குறைவாகச் செய்யும் லேப் என்றால் அதில் தொடங்கலாம்.

லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிச் செராமிக் பிளாக்குக்கு இந்த மூன்றுமே உதவாது. அதற்கு டைமண்ட் துகள் பதித்த அரைக்கும் பர் வேண்டும், தண்ணீரும் ஓட வேண்டும். டைமண்ட் கோட்டிங் பரும் இதுவும் ஒன்று என்று நினைத்து வாங்கி விடுகிறார்கள். கோட்டிங் பரில் வெட்டுவாய் இருக்கும். அரைக்கும் பரில் வெட்டுவாயே கிடையாது, துகள்தான் அரைக்கிறது.

கேள்வி: ஒரு பர் எத்தனை யூனிட் (ஒரு பல்லுக்கான வேலை ஒரு யூனிட்) வரும் அண்ணா?

யூனிட் கணக்கே சரிப்படாது. மெல்லிய கோப்பிங்கும் (கிரவுனின் உள் அடுக்கு) ஒரு யூனிட், கடைவாய்ப் பல்லின் முழு கிரவுனும் (பல்லை மூடும் உறை) ஒரு யூனிட். இரண்டிலும் பர் ஓடும் நேரம் ஒன்றா? கேம் சாஃப்ட்வேரில் (பர் ஓடும் பாதையைக் கணக்கிடும் மென்பொருள்) ஒவ்வொரு பருக்கும் ஓடிய நேரம் பதிவாகும் வசதி இருந்தால் அதை வைத்துக் கணக்கிடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் எண்ணைத் தொடக்கத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் டிஸ்க்குக்கும் உங்கள் மெஷினுக்கும் எது சரி என்று நீங்களே ஒரு அளவு கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லூப் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) போதும். டைமண்ட் கோட்டிங் பர் புதிதாக இருக்கும்போது முனை முழுவதும் ஒளி மங்கிய கருஞ்சாம்பல் நிறம். தேய ஆரம்பித்ததும் உருண்டை முனையின் வெட்டும் விளிம்பில் வெள்ளி மாதிரி மெல்லிய கோடு மின்னும். கோட்டிங் போய் கார்பைடு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். அந்தக் கோடு வந்த பிறகு தேய்மானம் வேகம் பிடிக்கும். கிரவுனின் கடைசிச் சீர்வேலைக்கு ஓடும் பராக இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். கோடு தெரிந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். சில பர்களுக்கு அப்படிக் குறித்தாலே உங்கள் லேபின் கணக்கு கையில் வந்துவிடும்.

கேள்வி: கொஞ்ச நாளாக கிரவுன் எல்லாம் உள்ளே இறுக்கமாக வருகிறது. ஸ்கேனில் குறை இல்லை. சிமென்ட் இடைவெளியை (பல்லுக்கும் கிரவுனுக்கும் நடுவே சிமென்ட்டுக்காக விடும் இடம்) கூட்டிவிட்டால் தீருமா?

தயவுசெய்து கூட்டாதீர்கள். முதலில் பரைப் பாருங்கள்.

1 மி.மீ. பர் என்றால் முனை சரியாக 1 மி.மீ. உருண்டை என்று நம்பித்தான் கேம் பாதை போடுகிறது. முனை தேய்ந்தால் உருண்டை சிறுக்கும். பல மெஷின்கள் பரின் நீளத்தை அளந்து சரிசெய்துகொள்ளும், ஆனால் முனை சிறுத்ததை அவற்றால் அறிய முடியாது. வெட்ட வேண்டிய இடத்தில் அந்த அளவு பொருள் மிஞ்சிவிடும். சுவரில் 30 மைக்ரான் மிஞ்சினால், சின்டரிங்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிய பிறகும் 24 மைக்ரான் நிற்கும். நீங்கள் விட்ட இடைவெளி 40, 50 மைக்ரான் என்றால் பாதி போய்விட்டது.

இந்த நிலையில் இடைவெளியைக் கூட்டி வைத்தால் இப்போதைக்குச் சரியாகத் தோன்றும். புது பர் போட்ட அன்று எல்லா கிரவுனும் தொளதொள என்று வரும். டாக்டர் திருப்பி அனுப்புவார், நீங்கள் ஸ்கேனரைச் சந்தேகிப்பீர்கள். சிமென்ட் இடைவெளி புது பரோடு வைத்துப் பார்த்து முடிவு செய்த எண்ணாகவே இருக்க வேண்டும்.

கீழ் முன்பற்களில் மட்டும் இறுக்கம் என்றால் காரணம் வேறு. தயாரித்த பல்லின் நுனி பரின் முனையைவிட மெல்லியது. பர் அந்த மூலைக்குள் நுழையவே முடியாது. டிசைனில் பரின் விட்டத்துக்கான ஈடு சரியாகக் கொடுத்திருக்கிறதா, 0.6 மி.மீ. பர் அந்த வேலையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 0.6 பர் அடிக்கடி உடைகிறது. கம்பெனி மாற்றியும் பார்த்துவிட்டேன்.

உடைவது 0.6, ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அதற்கு முன்னால் ஓடிய பர். தேய்ந்த 2 மி.மீ., 1 மி.மீ. பர்கள் மூலைகளில் பொருளை மிச்சம் வைத்துவிட்டுப் போகும். சின்ன பர் லேசாகச் சீவ வேண்டிய இடத்தில் கனமாக முட்டி ஒடிகிறது. 1 மி.மீ. பரை மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் உடைந்தால் காலெட்டுக்கு, அதாவது பரைக் கவ்விப் பிடிக்கும் பாகத்துக்கு, வாருங்கள்.

கேள்வி: காலெட்டை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

தண்ணீர் இல்லாத உலர் மில்லிங் என்றால் வாரம் ஒருமுறையாவது. சிர்கோனியா நிறைய ஓடினால் இன்னும் அடிக்கடி. இதில் சோம்பல் கூடவே கூடாது, ஏனென்றால் நல்ல பரைப் பாழாக்குவது இந்த இடம்தான். காலெட்டுக்குள் கொஞ்சம் பொடி சிக்கினாலும் பர் மையம் விலகிச் சுற்றும். 10, 20 மைக்ரான் விலகல் 2 மி.மீ. பருக்குப் பெரிதாகத் தெரியாது. 0.6 பரில் ஒரு வெட்டுவாய் மட்டுமே எல்லா வேலையையும் இழுக்கும். கிரவுனின் மேல்பரப்பில் வரி வரியாகத் தெரிவது, ஸ்பிண்டில் (பரைச் சுழற்றும் தண்டு) சத்தம் மாறுவது இரண்டும் இதன் அடையாளம்.

காலெட்டைக் கழற்றி, அதற்குரிய பிரஷ்ஷால் உள்ளும் புறமும் துடையுங்கள். ஸ்பிண்டிலின் கூம்பையும் மென்மையான துணியால் துடையுங்கள். கம்ப்ரஸர் காற்றை நேராக ஸ்பிண்டிலுக்குள் அடிக்காதீர்கள், பொடி பேரிங்குக்குப் போகும். கிரீஸ் வேண்டும் என்று மெஷினின் கையேடு சொன்னால், அது சொல்லும் கிரீஸை மட்டும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். கையால் இறுக்கும் மெஷினில் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் சாவி) கட்டாயம்.

கேள்வி: பர் புதியது, காலெட் சுத்தம். ஆனாலும் மார்ஜின் (கிரவுனின் ஓர விளிம்பு) சிதறுகிறது.

டிஸ்க் ஹோல்டரில் ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து டிசைன்: கத்தி விளிம்பு மாதிரி மார்ஜின் விட்டால் எந்த பரும் காப்பாற்றாது. கொஞ்சம் தடிமன் கொடுத்து மில் செய்துவிட்டு, சின்டரிங்குக்கு முன் கையால் மெதுவாகச் சீர்செய்யுங்கள்.

கேள்வி: சிர்கோனியா பரையே பிஎம்எம்ஏவுக்கும் ஓட்டலாமா? எங்கள் டெக்னீஷியன் ஓட்டலாம் என்கிறார்.

ஓட்டாதீர்கள். சிர்கோனியாவில் மழுங்கிய விளிம்பு பிஎம்எம்ஏவை உருக்கும். பொருளுக்கு ஒரு செட், தனித் தாங்கி, தனி நிற அடையாளம்.

கேள்வி: மழுங்கிய பரைச் சாணை பிடிக்க முடியுமா? அல்ட்ராசோனிக்கில் போடலாமா?

சாணை பிடித்தால் விட்டமும் உருண்டையும் மாறிவிடும், கேமின் கணக்கு தப்பும். கார்பைடு பரை அப்படிக் காப்பாற்ற முடியாது. டைமண்ட் துகள் பர் அடைத்துக்கொண்டிருந்தால் மட்டும் அதற்கான கல்லில் ஓட்டித் துகளைத் திறந்துவிடலாம்.

அல்ட்ராசோனிக்கில் பர்களை மொத்தமாகக் கொட்டாதீர்கள். கார்பைடு கடினமானது, ஆனால் நொறுங்கும். ஒன்றோடொன்று உரசினால் விளிம்பு பெயரும். மேசை டிராயரில் போட்டு வைப்பதும் அதே கேடுதான். மென்மையான பிரஷ், கொஞ்சம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போதும். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஒரே மெஷினில் கண்ணாடிச் செராமிக்கும் சிர்கோனியாவும் ஓட்டுகிறோம். பருக்கு ஏதாவது ஆகுமா?

பரைவிட வேலைக்குத்தான் ஆபத்து. தண்ணீரில் மிதக்கும் கண்ணாடித் துகள் சிர்கோனியாவில் படிந்தால் சின்டரிங்கில் கறையாகும். ஈரத்திலிருந்து உலர் வேலைக்கு மாறும்போது உள்ளறையை முழுக்கக் கழுவி உலர்த்துங்கள். டைட்டானியத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் உலர்வாக ஓட்டாதீர்கள். அதன் நுண் சீவல் தீப்பிடிக்கும்.

கேள்வி: புது பர் போட்டும் மெஷின் "ஆயுள் முடிந்தது" என்கிறதே?

பழைய பரின் கணக்கை யாரும் பூஜ்யமாக்கவில்லை. பரை மாற்றியவரே அதே கையோடு நீளத்தை அளந்து கணக்கையும் மாற்ற வேண்டும். ஆபத்து எதிர்த் திசையில் அதிகம்: பரை மாற்றாமல் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டால், தேய்ந்த பரை மெஷின் புதியது என்று நம்பி ஓட்டும். கழற்றிய பரை அன்றைய வேலை முடியும்வரை மெஷின் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மாற்றினோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் லூப்பில் பார்த்துவிடலாம்.