லேசர் இருக்கட்டும், சிவந்த கண்ணை முதலில் காட்டுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. கருவிழி கூம்பு போல் பிதுங்கும் நோய்க்காக, இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் வலது கண்ணுக்குக் கருவிழி மாற்று அறுவை செய்தோம். தையல் எல்லாம் பிரித்தாயிற்று. கண்ணாடி போட்டும் எழுத்து நிழலடிக்கிறது என்கிறான். லேசர் செய்யலாமா? செய்தால் வைத்த கருவிழி பெயர்ந்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தானம் கொடுத்தவர் வயதானவராம், அதனால் கெடுதல் வருமா? செல்போன் பார்க்கலாமா? காவடி விரதத்தில் சொட்டு மருந்தை நிறுத்தியிருந்தான். மூன்று நாளாகக் கண் லேசாகச் சிவந்து, வெயிலில் கூசுகிறது. வீட்டில் மிச்சமிருந்த மருந்தைப் போடுகிறான். அடுத்த மாதம் சென்னை போகும்போது காட்டினால் போதுமா?
- ஒரு தாய், ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: போதாது அம்மா. இதைப் படித்த கையோடு மகனை அழைத்துக்கொண்டு மோக்காவில் இருக்கும் சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனைக்குப் போங்கள். "கருவிழி மாற்றிய கண், மூன்று நாளாகச் சிவந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். வழக்கமான நேரம் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் பயப்படுவது அந்த வரிக்குத்தான். மாற்றுக் கருவிழி வைத்த கண்ணில் சிவப்பு, கூச்சம், வலி, பார்வை மங்கல் இந்த நான்கில் ஏதாவது ஒன்று வந்து ஒரு நாளில் அடங்காவிட்டால், உடம்பு அந்தத் திசுவை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம். இது அறுவை நடந்து பல வருடம் கழித்தும் வரும். சொட்டு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது அதற்கு நாமே கதவைத் திறந்து விடுவதுதான். கருவிழியின் உட்புறத்தில் ஒரே வரிசையாக இருக்கும் செல்கள்தான் நீரை வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அவை அழிந்தால் அந்த இடத்தில் புதிதாக முளைப்பதில்லை. கண் சிவந்த முதல் சில நாட்களிலேயே மருத்துவமனைக்கு வந்துவிட்டால், மணிக்கொரு தரம் ஸ்டீராய்டு (உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்து) சொட்டு விட்டுப் பெரும்பாலும் அடக்கிவிடலாம். ஒரு மாதம் கழித்து வந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும்.

சரி, அவனும் சொட்டு மருந்துதானே போடுகிறான் என்பீர்கள். எந்த மருந்து? எப்போது திறந்தது? திறந்து ஒரு மாதம் ஆன புட்டி குப்பைக்குத்தான். அது ஸ்டீராய்டாகவே இருந்து, சிவப்புக்குக் காரணம் கிருமித்தொற்றாக இருந்தால், நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். எது என்று ஸ்லிட் லேம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்தால்தான் தெரியும். கண்ணாடி முன் நின்று இமையை இழுத்துப் பார்த்துத் தெரியாது. புட்டியைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். விரதத்தில் எந்த நாளிலிருந்து மருந்தை நிறுத்தினான் என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். முருகனுக்கு விரதம் இருக்கட்டும், கண்ணுக்கு எதற்கு விரதம்?

இனி லேசர், அதாவது கருவிழியைச் செதுக்கிப் பவரைக் குறைப்பது. வைத்த கருவிழி அதனால் பெயர்ந்து விழுந்துவிடாது. ஆனால் நிராகரிப்பு அடங்கி, கண் பல மாதம் அமைதியாக இருந்த பிறகுதான் அந்தப் பேச்சே. லேசரும் சில சமயம் நிராகரிப்பைத் தூண்டிவிடும். மாற்று அறுவைக்குப் பின் 4, 5 சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததால் வரும் பவர்) நிற்பது சாதாரணம். மிருதங்கத்தின் வார் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் தோல் எப்படி ஒரே சீராக நிற்காதோ, அப்படித்தான் தழும்பும் கருவிழியை இழுத்துக்கொண்டு நிற்கிறது. கடைசித் தையல் பிரித்துச் சில மாதமாவது போக வேண்டும், பவர் இரண்டு மூன்று பரிசோதனையில் மாறாமல் இருக்க வேண்டும், கருவிழியின் தடிமனும் உட்புறச் செல்களின் எண்ணிக்கையும் போதுமானதாக இருக்க வேண்டும். அப்போதும் கண்ணாடியே வேண்டாம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சிலிண்டரைக் குறைத்து, கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிற அளவுக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். எழுத்து நிழலடிக்கிறது என்றால் வளைவு ஒழுங்கில்லாமல் இருக்கலாம். அதற்கு நான் முதலில் போட்டுப் பார்ப்பது ஸ்கிளீரல் லென்ஸ், அதாவது கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழியில் உட்காரும் பெரிய காண்டாக்ட் லென்ஸ். கத்தியும் இல்லை, லேசரும் இல்லை. பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை.

தானம் கொடுத்தவரின் வயதை விடுங்கள். கண் வங்கியில் செல்களை எண்ணிப் பார்த்து, பொதுவாகச் சதுர மில்லிமீட்டருக்கு 2,000க்கு மேல் இருந்தால்தான் கொடுப்பார்கள். செல்போன் தாராளமாகப் பார்க்கலாம். பயப்பட வேண்டியது கால்பந்துக்கு. ஒட்டிய விளிம்பு பழைய பலத்துக்கு ஒருநாளும் திரும்பாது, பந்து வேகமாக வந்து பட்டால் பிளந்துகொள்ளும். விளையாடும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடட்டும்.

இடது கண்ணைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இந்த நோய் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும். மோக்காவில் காட்டும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கண்ணுக்கு லேசிக் என்ற லேசர் அறுவை கூடவே கூடாது. நோய் வளர்ந்துகொண்டிருந்தால் கிராஸ் லிங்கிங் (மருந்து விட்டுப் புற ஊதாக் கதிரால் கருவிழியை உறுதியாக்குவது) செய்து நிறுத்தலாம். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடச் சொல்லுங்கள்.