சுயசரிதை எழுதிய ஆங்கிலேயர்களில் யாரை முதலில் படிக்கலாம்?

"தன் வரலாற்றைத் தானே எழுதிய ஆங்கிலேயர்கள் யார் யார்? ஒன்றிரண்டு மட்டும் படிக்க நேரம் இருந்தால் எதில் தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியல் போட ஆரம்பித்தால் முடிவே இருக்காது. பிரதமர், படைத்தளபதி, நடிகர், கிரிக்கெட் வீரர் என்று எல்லாத் துறையிலும் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் நிறைய, தான் செய்ததெல்லாம் சரிதான் என்று நிலைநாட்டுவதற்காக எழுதப்பட்டவை. ஒருமுறை படித்தால் போதும். நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது வேறு வகை. எழுதுகிறவர் தனக்கு எதிராகத் தானே சாட்சிக் கூண்டில் ஏறும் ஓர் இடமாவது அந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சிலவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் லெனார்டு உல்ஃப். நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃபின் கணவர் என்றுதான் பலருக்கும் தெரியும். 1880இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். 1960 முதல் 1969 வரை ஐந்து பாகங்களில் தன் வாழ்க்கையை எழுதினார். அதில் 1961இல் வந்த இரண்டாம் பாகத்தின் பெயர் 'குரோயிங்', அதாவது வளர்தல். 1904 முதல் 1911 வரை இலங்கையில் வெள்ளைக்கார அரசின் அதிகாரியாக அவர் இருந்த ஏழு வருடக் கதை அது.

24 வயதில், பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் 90 தொகுதிகளையும் ஒரு நாயையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார். கொழும்பிலிருந்து அனுராதபுரம் வரைதான் அப்போது ரயில். அதற்கு மேல் வடக்கே காட்டு வழியில் மாட்டுவண்டித் தபாலில் போக வேண்டும். யாழ்ப்பாணம் கச்சேரியில் வேலை. (அங்கே கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரி.) ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டிய கோட்டையின் மதில்மேல் இருந்த பங்களாவில் குடியிருந்தார். தமிழ் கற்றுக்கொண்டார். பிறகு தெற்கே போனதும் சிங்களமும் கற்றார்.

அந்தப் புத்தகத்தில் இரண்டு மூன்று பக்கமே வரும் ஒரு சம்பவம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் மேலதிகாரியோடு யாழ்ப்பாணத்துப் பெரிய தெருவில் குதிரையில் போகிறார். யாரோ வராந்தாவைத் தெருவுக்குள் நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். அந்த ஆக்கிரமிப்பைக் கையிலிருந்த சாட்டையால் சுட்டிக் காட்டுகிறார். அந்த நேரம் பார்த்து ஊரில் பேர் பெற்ற தமிழ் வழக்கறிஞர் ஒருவர் வண்டியில் அந்த வழியாக வருகிறார். கொஞ்ச நாளில் கவர்னருக்கு மனு போகிறது. உல்ஃப் வேண்டுமென்றே அந்த வழக்கறிஞரின் முகத்தில் சாட்டையால் அடித்துவிட்டார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் புகார் கொடுத்திருக்கிறது. உல்ஃபுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவர் யாரையும் அடிக்கவில்லை. விளக்கம் எழுதிக் கொடுக்கிறார், விஷயம் முடிகிறது.

வேறு ஒருவராக இருந்தால், பொய்ப் புகார் என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருப்பார். உல்ஃப் அங்கேயே நிற்கிறார். ஒரு விதத்தில் அவர்கள் சொன்னது சரிதானோ என்று கேட்டுக்கொள்கிறார். அவர்களுடைய ஊரின் பெரிய தெருவில், 24, 25 வயதுப் பையன் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சாட்டையை நீட்டியதே முகத்தில் அறைந்ததற்குச் சமம்தானே என்று எழுதுகிறார். எண்பது வயதில் உட்கார்ந்து, ஐம்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு புகாரை மறுபடி விசாரித்து, தீர்ப்பை மாற்றி எழுதுகிறார்.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நானும் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன். ஒரு சந்தைத் தெருவில் ஆக்கிரமிப்பு அளக்கப் போனபோது, மழைத் தூறலுக்குப் பயந்து ஜீப்பிலிருந்து இறங்காமலேயே, கையிலிருந்த பைலால் ஒரு டீக்கடைப் பந்தலைச் சுட்டி "அதையும் சேர்த்துக் குறிச்சுக்கோங்க" என்றேன். கடைக்காரப் பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றார். எதுவும் பேசவில்லை. தூறல் அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அளவு சரி, ரூல் சரி, நோட்டீஸ் சரி. ஆனால் உல்ஃபின் அந்தப் பக்கங்களைப் படித்த இரவுதான், நான் இறங்கியிருக்க வேண்டும் என்று உறைத்தது. அதற்கு அப்புறம் எந்த இடத்துக்குப் போனாலும் இறங்கி நின்றுதான் பேசினேன்.

அதே புத்தகத்தில் 1906இல் மன்னார்ப் பக்கம் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பும் வருகிறது. ஆளே இல்லாத கடற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைக்கிறது. அரபிகளும் தமிழர்களும் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கிறார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. சிப்பியை அழுக விட்டுத்தான் முத்தை எடுக்க வேண்டும். அந்த நாற்றமும் ஈயும் பக்கத்திலேயே வந்து மொய்ப்பது போல எழுதியிருக்கிறார். கண்டியில் இருந்தபோது தூக்குத் தண்டனை நிறைவேறும் இடத்தில் அதிகாரியாக நின்றதையும் மறைக்கவில்லை. அந்த நாளில் நண்பருக்கு எழுதிய கடிதங்களை அப்படியே எடுத்துப் போடுகிறார். அதில் இருக்கும் இளைஞன் அவ்வளவு நல்லவனாகத் தெரிவதில்லை. தெரியட்டும் என்று விட்டிருக்கிறார்.

சரி, அடுத்து இன்னும் ஐந்நூறு வருடம் பின்னால் போகலாம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் லின் என்ற துறைமுக ஊர். அங்கே 1373 வாக்கில் பிறந்தவர் மார்ஜரி கெம்ப். அப்பா அந்த ஊர் மேயராக ஐந்து முறை இருந்தவர். மார்ஜரிக்கு 14 பிள்ளைகள். பீர் காய்ச்சும் தொழில் தொடங்கி மூன்று நான்கு வருடம் ஓஹோ என்று நடத்துகிறார், அப்புறம் நுரை பொங்காமல் படுத்துவிடுகிறது. குதிரை கட்டி மாவு மில் ஓட்டுகிறார், குதிரை இழுக்க மறுக்கிறது. ஊர் சிரிக்கிறது. பிறகு பக்தி. ஜெருசலேம், ரோம், ஸ்பெயினில் சந்தியாகோ என்று தீர்த்த யாத்திரை. கோயிலில் ஏசுவின் பாடுகளை நினைத்தால் ஓவென்று கதறிவிடுவார், கூட வந்த யாத்திரிகர்களே இவரை விட்டுவிட்டு ஓடுகிற அளவுக்கு.

எழுதத் தெரியாத பெண். சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். முதலில் எழுதியவரின் கையெழுத்தும் மொழியும் யாருக்கும் புரியவில்லை. 1436இல் ஒரு பாதிரியார் உட்கார்ந்து மறுபடி எழுதினார். ஆங்கில மொழியில் கிடைத்திருக்கும் முதல் சுயசரிதை என்று இதைத்தான் சொல்கிறார்கள். புத்தகம் முழுக்கத் தன்னை 'நான்' என்றே சொல்வதில்லை, 'இந்தச் சிருஷ்டி' என்கிறார். நம் பக்தர்களின் 'அடியேன்' ஞாபகத்துக்கு வரும்.

அதில் ஒரு காட்சி. 1413, கோடைக்காலம், வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். புருஷனும் பெண்டாட்டியும் யார்க் நகரிலிருந்து நடந்து வருகிறார்கள். அவள் கையில் ஒரு பாட்டில் பீர். அவன் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து ஒரு கேக். இனி நமக்குள் தாம்பத்தியம் வேண்டாம் என்று அவள் பல நாளாகக் கேட்டு வருகிறாள். வழியில் ஒரு சிலுவைக்கடியில் உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள். அவன் கடனை அவள் அடைப்பது, வெள்ளிக்கிழமை உபவாசத்தை விட்டு அவனோடு சாப்பிடுவது, பதிலுக்கு அவன் அவளைத் தொடாமல் இருப்பது. ஒப்பந்தம் ஆனதும் மண்டியிட்டுக் கும்பிட்டுவிட்டு, இருவரும் சேர்ந்து சந்தோஷமாகச் சாப்பிட்டுக் குடிக்கிறார்கள். ராஜாக்களைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். 600 வருடத்துக்கு முந்தைய ஒரு சாதாரண வீட்டின் படுக்கையறை வழக்கு, அந்த வீட்டுப் பெண்ணின் வாயாலேயே, பீர் பாட்டில் யார் கையில் இருந்தது என்பது உட்பட நமக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு இது பெரிய அதிசயம்.

கிடைத்த கதையும் அதிசயம்தான். முழுப் புத்தகமும் தொலைந்துபோனதாகவே கிடந்தது. 1930களில் ஒரு பழைய குடும்பத்து வீட்டில் பிங்பாங் விளையாடும்போது பந்து உடைந்து, வேறு பந்து தேடி அலமாரியைத் திறந்திருக்கிறார்கள். பழைய புத்தகங்கள் சரிந்து விழுந்தன. வீட்டுக்காரர் எரிச்சலில் எல்லாவற்றையும் கொளுத்திவிடப் போகிறேன் என்றாராம். நல்லவேளை, செய்யவில்லை. 1934இல் ஹோப் எமிலி ஆலன் என்ற ஆய்வாளர் பார்த்து, இது மார்ஜரி கெம்ப் என்று கண்டுசொன்னார். இன்றைக்கு அந்தக் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

சார்லஸ் டார்வின் எழுதியது மிகச் சிறியது, இரண்டு நாளில் படித்துவிடலாம். 1876இல், 67 வயதில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிப்பதற்காக மதிய வேளைகளில் எழுதியது. மாணவனாக இருந்தபோது மரப்பட்டையை உரித்து இரண்டு அபூர்வ வண்டுகளைக் கைக்கு ஒன்றாகப் பிடிக்கிறார். மூன்றாவதாக ஒன்று தெரிகிறது. விட மனமில்லாமல் ஒரு வண்டை வாயில் போட்டுக்கொள்கிறார். அது ஏதோ காரமான திரவத்தைப் பீய்ச்ச, நாக்கு எரிந்து துப்ப வேண்டியதாயிற்று. ஆனால் நான் நின்ற இடம் வேறு. வயதான பிறகு கவிதையில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை, ஷேக்ஸ்பியர் குமட்டும் அளவுக்குச் சலிக்கிறது, என் மனம் ஏதோ இயந்திரம் போல ஆகிவிட்டது என்று வருந்தி எழுதுகிறார். மறுபடி வாழக் கிடைத்தால் வாரத்துக்கு ஒருமுறையாவது கவிதை படிப்பேன் என்கிறார். அவர் போன பிறகு 1887இல் மகன் இதை அச்சிட்டபோது, மதத்தைப் பற்றி அப்பா எழுதியதில் பல வரிகளைக் குடும்பத்தின் மனம் நோகாமல் இருக்க வெட்டிவிட்டார்கள். பேத்தி நோரா பார்லோ 1958இல்தான் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தார். வாங்குவதாக இருந்தால் அந்தப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதியதும் பெயர் பெற்றது, 1873இல் வந்தது. அப்பா ஜேம்ஸ் மில், இந்தியாவில் கால் வைக்காமலே பிரிட்டிஷ் இந்திய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதியவர். மகனுக்கு மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன் சொல்லிக்கொடுத்தார். மகன் இருபது வயதில் உள்ளுக்குள் அப்படியே இடிந்துபோனார். அந்த அத்தியாயத்தைப் போட்டித் தேர்வுக்குப் பிள்ளைகளை விரட்டும் ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும். புத்தகத்தில் அம்மாவைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முதல் வரைவில் கடுமையாகச் சில வரிகள் எழுதி, பிறகு எடுத்துவிட்டிருக்கிறார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவள். அந்த வெற்றிடம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆந்தனி டிராலப்பை நாவல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்வேன். நாவலாசிரியர், தபால் துறை அதிகாரியும்கூட. விடியற்காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை எழுதியவர். காபி போட்டு எழுப்பிவிடும் வேலைக்காரருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதல் சம்பளம். எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு வந்தது என்று கணக்கையும் போட்டுவிட்டார். 1883இல், அவர் இறந்த பிறகு அச்சானபோது, இப்படியா கலையைச் சில்லறைக் கணக்காக்குவது என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கும். சேறு படிந்த பூட்ஸோடு பெரிய இடத்துப் பள்ளிக்கு நடந்து போய், இவ்வளவு அழுக்கான பையனால் பள்ளிக்கே அவமானம் என்று தலைமை ஆசிரியரிடம் தெருவில் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளை, பிற்பாடு ஒவ்வொரு பவுண்டையும் எண்ணி எழுதினால் அதில் என்ன தப்பு?

பெண்கள் எழுதியதில் இன்னொன்று, வேரா பிரிட்டன் 1933இல் வெளியிட்ட 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்'. முதல் உலகப்போரில் நர்ஸாக இருந்தவர். 1915 கிறிஸ்துமஸுக்கு வருங்காலக் கணவர் லீவில் வருகிறார் என்று பிரைட்டன் ஓட்டலில் காத்திருக்கிறார். போன் வருகிறது, அவர்தான் என்று ஓடிப் போய் எடுக்கிறார். 23ஆம் தேதியே அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி. தம்பியும் இரண்டு நண்பர்களும்கூட அந்தப் போரிலேயே போனார்கள். மனம் திடமாக இருக்கும் நாளில் படியுங்கள்.

ஒன்றே ஒன்று என்றால் உல்ஃப்தான். 'குரோயிங்' படித்துப் பிடித்துப்போனால், நேராகக் கடைசிப் பாகத்துக்குப் போனாலும் தப்பில்லை. அதில் தன் அரசியல் உழைப்பையெல்லாம் கூட்டிப் பார்த்து, ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் மணி நேரம் பயனில்லாமல் உழைத்திருக்கிறேன் என்று எழுதுகிறார். 1960இல் அவர் மறுபடி இலங்கை போன கதையும் அந்தப் பாகத்தில் இருக்கிறது. இலங்கையின் தெற்கே அம்பாந்தோட்டையில் அவர் அதிகாரியாக இருந்த காலத்தில் மாடுகளுக்கு வெக்கை நோய் பரவியது. கட்டாமல் திரிந்த மாடுகளைச் சுடச் சொல்லி உத்தரவு, அதைச் சரியாகச் செய்யாதவர்களுக்குத் தண்டனை. அப்போது கிராமத் தலைவராக இருந்து தண்டனை வாங்கிய ஒருவர், ஐம்பது வருடம் கழித்து, தள்ளாத வயதில் உல்ஃபைப் பார்க்க வருகிறார். அன்றைக்கு எனக்குக் கொடுத்த தண்டனை நியாயம்தானா ஐயா, என்று கேட்கிறார். அந்தக் கேள்வியையும் உல்ஃப் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்.