மண்புழுத் தொட்டியில் உரம் அள்ள நேரம் வந்துவிட்டதா?

கேள்வி: மொட்டை மாடியில் 60 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் மண்புழு உரம் தயாரிக்கிறேன். கோகோபீட்தான் (தேங்காய் நார்த்தூள்) புழுவுக்குப் படுக்கை. தினமும் காய்கறித் தோல் போடுகிறேன். நாலு மாதம் ஆகிவிட்டது. அடியில் கருப்பாக, பிசுபிசுவென்று இருக்கிறது. மேலே தோல்கள் அப்படியே தெரிகின்றன. 60 நாளில் உரம் ரெடி என்று சொல்லித்தான் புழு கொடுத்தார்கள். இப்போது எடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஆனால் இப்படியே போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த மாதமும் இதே கேள்விதான் வரும். தினமும் மேலே புதுத் தோல் விழும் தொட்டியில் எல்லாம் ஒன்றாக மக்கி முடிகிற நாள் என்று ஒன்று வரவே வராது. அந்த 60 நாள் கணக்கு, சாணமும் இலைதழையும் ஒரே தடவையில் நிரப்பி, பிறகு எதுவும் சேர்க்காமல் விடும் பண்ணைத் தொட்டிகளுக்கு உரியது. வீட்டு டப்புக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆவது சாதாரணம்.

நிறத்தை நம்பாதீர்கள். கோகோபீட் நனைந்தாலே கரும்பழுப்பாகத்தான் இருக்கும். அதில் லிக்னின் என்ற கடினமான மரப்பொருள் அதிகம் என்பதால் மெதுவாகத்தான் மக்கும். கருப்பாக இருக்கிறதே என்று அள்ளினால் பாதிக்குப் பாதி பழைய நார்த்தூள்தான் கையில் வரும். கொஞ்சம் எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். நார் நாராகத் தட்டுப்பட்டால் புழு இன்னும் அதைத் தின்னவில்லை. முடிந்த உரம் டீத்தூள் போலக் குருணை குருணையாக உதிரும். மழை பெய்த மண் வாசனை வரும், வேறு எந்த வாடையும் வராது.

உங்கள் டப்பின் அடியில் இருக்கும் பிசுபிசுப்பு ஈரம் மிஞ்சியதால் வந்தது. காற்று போகாத இடத்தில் புழுவும் தங்காது. முதலில் டப்பின் அடித் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, காய்ந்த இலையோ கிழித்த முட்டை அட்டையோ கலந்து மெதுவாகக் கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் இரண்டு மூன்று சொட்டு வருவது புழுவுக்குச் சரியான ஈரம். அள்ளும்போது சொட்டவே கூடாது. ஈரமாகச் சலித்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும், புழுவும் நசுங்கும்.

அப்புறம் முக்கியமான வேலை. டப்பில் இருப்பதையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். மறுபக்கத்தில் புதுப் படுக்கை போட்டு, இனி தோலை அங்கே மட்டும் போடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலான புழுக்கள் சாப்பாடு இருக்கும் பக்கம் போய்விடும். பழைய பக்கத்தில் தோல் எதுவும் அடையாளம் தெரியாமல், மட்டமும் நன்றாக இறங்கியிருந்தால் அள்ளலாம். முட்டை ஓடு, மாங்கொட்டை, டீ பையின் உறை இதெல்லாம் மக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 4 மில்லிமீட்டர் சல்லடையில் மேலே நிற்பதைத் திரும்ப டப்பிலேயே போடலாம், பிளாஸ்டிக் கலந்த டீ பை உறையை மட்டும் குப்பையில் எறியுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? லேசான ஈரத்தோடு ஒரு பிடியை பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, மூன்று நாள் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். நாறினால் உள்ளே இன்னும் மக்க வேண்டியது இருக்கிறது. எனக்கு இதைவிட நம்பிக்கையான சோதனை தெரியாது. தொட்டியில் தக்காளியும் பூசணியும் முளைத்து நிற்பதை வைத்து உரம் பழுக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். மண்புழுத் தொட்டி சூடேறாது, அதனால் விதைகள் சாவதில்லை. அவ்வளவுதான்.

பழுத்த பிறகு மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் தப்பு. தன் எச்சத்திலேயே கிடந்தால் புழு மெலியும், எண்ணிக்கை குறையும், டப்பின் சுவரில் ஏறும். மழைக்கு முன்னும் சில சமயம் ஏறும் என்பதால் ஒரு நாள் ஏறியதற்குப் பதற வேண்டாம். வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தால் உடனே அள்ளுங்கள்.

அள்ளும் நாளில் உரத்தை ஒரு சாக்கின் மேல், வெளிச்சத்தில், சின்னச் சின்னக் குவியலாக வையுங்கள். நேர் வெயில் வேண்டாம், நம் ஊர் வெயிலில் புழு நிமிடங்களில் செத்துவிடும். வெளிச்சத்துக்குப் பயந்து புழு அடியில் இறங்க இறங்க, மேலாக வழித்து எடுத்துக்கொண்டே வரலாம். கடுகு முதல் மிளகு அளவில், மஞ்சளாகவோ பழுப்பாகவோ சின்ன உருண்டைகள் கண்ணில் படும். விதை என்று எறிந்துவிடாதீர்கள், அவை முட்டைக்கூடுகள். அள்ளிய உரத்தை மூன்று வாரம் நிழலில் லேசான ஈரத்தோடு வைத்து, ஓரத்தில் ஒரு வாழைப்பழத் தோலைப் புதைத்தால், பொரிந்த குஞ்சுகள் அதைச் சுற்றிக் கூடும். தோலோடு எடுத்து டப்பில் விடலாம்.

ஆடிப் பட்டத்துக்கு உரம் வேண்டுமென்றால் வைகாசிக் கடைசியிலேயே ஒதுக்கும் வேலையைத் தொடங்குங்கள். கத்திரி வெயில் காலத்தில் மட்டும் மொத்தமாக அள்ள வேண்டாம். படுக்கை மெலிந்தால் டப் சீக்கிரம் சூடாகும். எப்போது அள்ளினாலும் மூன்றில் ஒரு பங்கை டப்பிலேயே விட்டுவிடுங்கள். அள்ளியதைக் காற்றுப் போகும் சாக்கில், நிழலில் வைத்து, க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) ஒன்றுக்கு மாதம் இரண்டு கைப்பிடி போட்டால் போதும்.