வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது 1823இலா, 1872இலா?

கேள்வி இதுதான்: பழைய மாணவர்கள் 1823 என்கிறார்கள், சில நூல்கள் 1872 என்கின்றன. எது சரி? மிஷன் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது இது எப்படித் தனியார் பள்ளியாகவே நின்றது?

இரண்டு ஆண்டுமே சரி. ஆனால் அவை ஒரே நிறுவனத்தின் ஆண்டுகள் அல்ல. வளாகம் ஒன்றுதான், நிர்வாகம் வேறு. இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும்: யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மெதடிஸ்தர்கள் தொடங்கியது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கன் மிஷனார் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய இடங்களில் விடுதிப் பள்ளிகள் வைத்திருந்தார்கள். அவற்றில் கெட்டிக்காரப் பையன்களைப் பொறுக்கியெடுத்து, 1823இல் டானியல் பூவர் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் எல்லாம் பாடத்தில் இருந்தன. சாப்பாடும் புத்தகமும் அமெரிக்க நன்கொடையாளர் பணத்தில் வந்தன. முதல் சிக்கலே சாப்பாட்டில்தான். மிஷன் வளவுக்குள் சமைத்ததை உண்ணமாட்டோம் என்று வேளாளக் குடும்பத்துப் பிள்ளைகள் மறுத்ததால், சமையலைத் தள்ளி வைத்து, அவர்கள் ஏற்கும் சமையற்காரரை வைத்துத்தான் விடுதியை நடத்த முடிந்தது.

பணம் கொடுத்தவரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவது அன்றைய வழக்கம். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்களை நினைத்துப் பாருங்கள். முன்னோரைப் பழைய பதிவுகளில் தேடுகிறவர்கள் தமிழ்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஆளைத் தவறவிட்டுவிடுவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இங்கே படித்தவர்கள். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய அந்தத் தாமோதரம்பிள்ளையேதான்.

இவ்வளவு செழித்த செமினரி 1855இல் மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தலைமையகச் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் குழுவின் எண்ணம், ஆங்கிலம் படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்கே போகிறார்கள், இனித் தாய்மொழிக் கல்வியும் பிரசங்கமும் போதும் என்பது. பணப்பை மிஷன் கையில் இருந்ததால், உள்ளூர்க் கிறிஸ்தவர்களால் அந்த முடிவைத் தடுக்க முடியவில்லை. தமிழ்க் கல்விக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்றே இதைச் சொல்வேன்.

1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடங்கியவர்கள் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. முன்னின்று கேட்டதும் பணம் திரட்டியதும் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள். அமெரிக்க மிஷனரி ஹேஸ்டிங்ஸ் முதல் அதிபர். நிர்வாகம் யாழ்ப்பாணத்து இயக்குநர் சபையிடம், அதில் மிஷனாரோடு தமிழரும் இருந்தார்கள். மூலதனம் அமெரிக்காவில் தனி அறங்காவலர் சபையிடம். மிஷனின் கொள்கை மாறினாலும் பள்ளியை மூடிவிட முடியாத ஏற்பாடு இது.

இதன் பலன் 1960இல் தெரிந்தது. அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளின் நிர்வாகத்தைக் கல்விப் பணிப்பாளரிடம் ஒப்படைத்தது. பெரிய பாடசாலைகள் விரும்பினால் விலகி நிற்கலாம், ஆனால் அரச உதவிப்பணம் நின்றுவிடும். விலகியவற்றில் பெரும்பாலானவை மாணவரிடம் கட்டணமும் வாங்காமலே நடத்த வேண்டியிருந்தது. வேறு வருமானம் இல்லாத பள்ளிக்கு அது நடக்கிற காரியமா? அதே மிஷன் வழிவந்த தெல்லிப்பழை யூனியன் கல்லூரி அரசிடம் போனது. யாழ்ப்பாணக் கல்லூரி விலகி நின்றது. அறக்கட்டளைப் பணமும் பழைய மாணவர்களுமே அதற்குத் துணை என்பது என் கணிப்பு. உடுவில் மகளிர் கல்லூரியும் அப்படியே நின்றது.

கல்லூரியில் இருந்த பட்டப்படிப்புப் பிரிவு மட்டும் கைவிட்டுப் போனது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் (இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்) தொடங்கியபோது விஞ்ஞான பீடம் இயங்கியது வட்டுக்கோட்டையில் இருந்த அந்தப் பிரிவின் கட்டடங்களில்தான்.